ஒரு கப் எத்தனை கிராம்? சமையல் அளவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தே இனிப்பு, காரம் செய்து கொடுக்கிறேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஆர்டர் கொடுப்பவர்களைவிட, "அக்கா, நீங்க கொடுத்த குறிப்புல ஒரு கப்னு இருக்கே, அது எத்தனை கிராம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

கப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். கப் காட்டுவது இடத்தை, கிராம் காட்டுவது கனத்தை. 240 மில்லி பிடிக்கும் ஒரு கப்பில் பொரியை நிரப்பினால் 20 கிராம் வருவதே பெரிய விஷயம். அதே கப்பில் தூள் உப்பை நிரப்பினால் 290 கிராம் பக்கம் போகும். அரிசி 200 கிராம், மைதா 125 கிராம்.

தண்ணீருக்கு மட்டும் மில்லியும் கிராமும் ஒன்றாகவே வரும். 100 மில்லி தண்ணீர் 100 கிராம். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு எல்லாப் பொருளுக்கும் அப்படித்தான் என்று நாம் மனதில் பதித்துக்கொண்டோம். "250 மில்லி கப், அப்படியென்றால் கால் கிலோ மாவு" என்று கணக்குப் போட்டு முறுக்கு பிசைந்தவர்கள் எனக்கே நாலு பேரைத் தெரியும். அது கால் கிலோ இல்லை, கால் கிலோவில் பாதிதான் இருக்கும்.

கப் என்றால் எந்தக் கப்? என்னிடம் காபி குடிக்கிற கப்தான் இருக்கிறது.

அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் 237 மில்லிக்குச் சற்றுக் குறைவு. அதைத்தான் எல்லோரும் 240 என்று முழுமையாக்கிச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. ஜப்பானில் 200 மில்லி. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கப் தருவார்களே, அது 180 மில்லி. சிங்கப்பூரிலிருந்து வந்த குக்கரின் கப்பை அளவுக் கப் என்று நினைத்து கேக் செய்தால் கால் பங்கு குறையும். நம் ஊர் கடைகளில் கிடைக்கும் அளவுக் கப் செட் பெரும்பாலும் 240 அல்லது 250. அடியிலோ கைப்பிடியிலோ எண் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

காபி குடிக்கிற கப்பைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு. குறிப்பில் உள்ள எல்லாமே கப்பில் இருந்தால், எந்தக் கப், டம்ளர், கிண்ணமாக இருந்தாலும் ஒன்றுதான். கடைசி வரை அதே பாத்திரத்தில் அளந்தால் விகிதம் மாறாது, செய்யும் அளவுதான் கூடும், குறையும். குறிப்பில் பாதி கப்பிலும் பாதி கிராமிலும் இருந்தால்தான் தகராறு. "2 கப் மைதா, 100 கிராம் வெண்ணெய், 1 முட்டை" என்று வந்தால் கப் எத்தனை மில்லி என்று தெரிந்தே ஆகவேண்டும், ஏனென்றால் வெண்ணெயும் முட்டையும் உங்கள் டம்ளருக்குத் தகுந்தபடி சுருங்காது.

என் டம்ளர் எத்தனை மில்லி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தராசு இருந்தால் ஒரு நிமிட வேலை. காலி டம்ளரைத் தராசின் மேல் வைத்து, பூஜ்ஜியமாக்கும் பட்டனை அழுத்துங்கள். டம்ளர் தராசிலேயே இருக்கட்டும், சொம்பிலிருந்து தண்ணீரை விளிம்பு வரை ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி. நிரப்பிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனால் வழியில் சிந்திவிடும், அதனால்தான் அங்கேயே ஊற்றச் சொல்கிறேன்.

இன்னொன்று. விளிம்பு வெளியே வளைந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் விளிம்புக்கு மேலே மெல்லியதாக முட்டிக்கொண்டு நிற்கும். என் டபரா செட் டம்ளரில் "நிறைய" ஊற்றினால் 158 காட்டியது. விரலால் தட்டி மேலே நின்றதை வழியவிட்டால் 150. மாவைத் தலை தட்டி, அதாவது மேலே நிற்பதை விளிம்போடு வழித்து, அளக்கும்போது இந்த 150தான் கணக்கு. கிடைத்த எண்ணைப் பெர்மனென்ட் மார்க்கரால் டம்ளரின் அடியில் எழுதிவையுங்கள். என் வீட்டில் நாலு பாத்திரங்களின் அடியில் அப்படி எழுதியிருக்கிறேன்.

தராசே இல்லை. அப்போது?

அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று போதும். வெட்டி உங்கள் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். மூன்று டம்ளரும் கொஞ்சமும் வந்தால் ஒரு டம்ளர் 150, 160 மில்லி. இரண்டே டம்ளர் சரியாக வந்தால் 250. காய்ச்சப் போகிற பால்தானே, வீணாகாது.

எடையையும் இதே மாதிரி பாக்கெட்டை வைத்துப் பிடிக்கலாம். கடையில் அரை கிலோ ரவை வாங்கி வந்ததும், டப்பாவில் கொட்டுவதற்கு முன் உங்கள் டம்ளரால் அளந்து கொட்டுங்கள். மூன்றே கால் டம்ளர் வந்தால் 500-ஐ 3.25-ஆல் வகுக்கவேண்டும், டம்ளருக்குச் சுமார் 154 கிராம். அந்த எண்ணை டப்பாவின் மூடியில் ஒட்டிவையுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தால், உங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கென்றே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். வேறு யார் கொடுக்கும் பட்டியலையும்விட அது உங்களுக்குச் சரியாக இருக்கும், கீழே நான் கொடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதெல்லாம் சரி, அவசரத்துக்கு ஒரு பட்டியல் கொடுங்களேன்.

240 மில்லி கப், தலை தட்டியது. எல்லாமே "சுமார்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சரிசி, இட்லி அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, சர்க்கரை: இவையெல்லாம் 200 கிராம் பக்கமே நிற்கும். பாஸ்மதி நீளமாகக் குறுக்கும் நெடுக்குமாக விழுவதால் 185. ரவை 170. வேர்க்கடலை 145 முதல் 150. கடை அரிசி மாவு 150. மைதா, கோதுமை மாவு 125. பொடித்த சர்க்கரை 120. கடலை மாவு 100. துருவிய தேங்காய் 80 முதல் 90. கெட்டி அவல் 100, மெல்லிய அவல் அதில் பாதி. ஈரப் பொருள்களில் பால் 247, எந்தச் சமையல் எண்ணெயும் 220, உருக்கிய நெய் 218, தேன் 340.

உங்கள் டம்ளர் 240 இல்லையென்றால் எண்ணை 240-ஆல் வகுத்து உங்கள் மில்லியால் பெருக்குங்கள். 150 மில்லி டம்ளரில் மைதா எவ்வளவு? 125 வகுத்தல் 240, பெருக்கல் 150. 78 கிராம்.

ஒரே கப், ஒரே கடலை மாவு. மூன்று தடவை எடை போட்டால் மூன்று எண் வருகிறது. தராசு கெட்டுவிட்டதா?

தராசு நன்றாகத்தான் இருக்கிறது, மாவின் குணம் அது. மாவுத் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும். சலித்தால் காற்று சேரும், அமுக்கினால் வெளியேறும். ஒருநாள் இதற்காகவே உட்கார்ந்து பார்த்தேன். கடலை மாவைச் சலித்து, கரண்டியால் அள்ளி மெதுவாகக் கப்பில் போட்டுத் தலை தட்டினேன்: 92 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு மொண்டேன்: 112. மொண்டுவிட்டுக் கப்பை மேடையில் நாலு தட்டு தட்டி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டேன்: 127. ஒரே பாக்கெட், ஒரே கை.

அரிசி, பருப்பு, சர்க்கரையில் இந்த வித்தியாசம் பெரிதாக வராது. அவற்றைக் கப்பில் அளந்தால் போதும். மாவில் தப்பும். அதனால் மாவுக்கு மட்டுமாவது தராசு வாங்குங்கள் என்று சொல்வேன். கப்பில்தான் அளப்பேன் என்றால் எப்போதும் ஒரே மாதிரி அளந்து பழகுங்கள். நான் என் குறிப்புகளில் சொல்லும் கப் எல்லாம் கரண்டியால் அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தது.

"1 கப் மாவு, சலித்தது" என்பதும் "1 கப் சலித்த மாவு" என்பதும் ஒன்றில்லை. முதலாவதில் அளந்துவிட்டுச் சலிக்கவேண்டும். இரண்டாவதில் சலித்துவிட்டு அளக்கவேண்டும். கேக்கில் இது தெரியும், பஜ்ஜியில் தெரியாது.

பாட்டி "தலை தட்டாம, குமிச்சு அள"ம்பார். அது எவ்வளவு கூடும்?

பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. வாய் அகலமான ஆழாக்கில் அரிசியைக் கோபுரமாகக் குவித்தால் கால் பங்கு வரை கூடும். வாய் குறுகிய டம்ளரில் அவ்வளவு நிற்காது, சரிந்துவிடும். எண்ணெய்க்கும் பாலுக்கும் இந்தப் பேச்சே இல்லை.

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று எண்ணித் தொடங்குவது நம் வழக்கம். தானம் கொடுக்கும்போதும் மகளுக்குச் சீர் அனுப்பும்போதும் தலை தட்டமாட்டார்கள். அந்தக் குவியலில் மரியாதை இருந்தது. குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அதுவே தலைவலி. பாட்டி சொன்னதை எழுதி வைக்கிறீர்கள் என்றால், அவர் கையாலேயே ஒருமுறை அளக்கச் சொல்லி, அதை எடை போட்டு எழுதுங்கள்.

ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் 910 கிராம்தான் காட்டுகிறது. 90 கிராம் அடிக்கிறார்களா?

இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் மிதக்கிறது. லிட்டருக்கு 910, 920 கிராம் என்பது நியாயமான எடை. பாக்கெட்டிலேயே இரண்டு எண்ணும் இருக்கும், பாருங்கள். நெய்யும் இப்படித்தான், ஒரு லிட்டர் டப்பாவில் 905 கிராம் என்று போட்டிருப்பார்கள்.

ஆனால் இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. சூடானால் எண்ணெய் விரியும், அதே லிட்டரின் எடை குறையும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம்தான். பாக்கெட்டில் "60 டிகிரியில்" என்று அச்சிட்டுவிட்டால் எடை குறைந்ததைக் கேட்க முடியாது. இந்த வெப்பநிலை விளையாட்டு வேண்டாம், அதைக் குறிப்பிடாமல் கொள்ளளவோடு எடையையும் போடுங்கள் என்று 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை நிறுவனங்களுக்குச் சொன்னது. விலையை ஒப்பிடும்போது கிராமைப் பாருங்கள்.

விசேஷத்துக்கு டின் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 15 கிலோ டின் இருக்கிறது, 15 லிட்டர் டின்னும் இருக்கிறது. பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி. 15 லிட்டரில் எண்ணெய் 13.65 கிலோதான். ஒரு கல்யாணத்துக்கு மூன்று டின் எடுத்தால் 4 கிலோ எண்ணெய் வித்தியாசம். நான் ஒருமுறை விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷமாக லிட்டர் டின்னைத் தூக்கி வந்திருக்கிறேன்.

நெய்யை உறைந்தபடி அளப்பதா, உருக்கி அளப்பதா?

உருக்கி. உறைந்த நெய்யைக் கரண்டியால் கப்பில் போட்டால் ஓரங்களில் இடைவெளி விழும், எவ்வளவு அமுக்கினீர்கள் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். எடை போடுவதாக இருந்தால் எப்படி இருந்தாலும் ஒன்றுதான், 100 கிராம் உறைந்த நெய் உருகினாலும் 100 கிராம்தான்.

வெண்ணெயும் நெய்யும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றாதீர்கள். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீரும் பால் கசடும் இருக்கும். அரை கிலோ வெண்ணெயைக் காய்ச்சினால் 400 கிராமுக்கு உட்பட்டே நெய் கிடைக்கும்.

மைசூர்பாகுக்கு 1:2:2 என்று சொன்னீர்கள். 100 கிராம் கடலை மாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் போட்டேன். புட்டு மாவு மாதிரி வந்துவிட்டதே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். 1:2:2 என்பது கப் கணக்கு. மேலே உள்ள பட்டியலை வைத்துக் கிராமுக்கு மாற்றிப் பாருங்கள். 1 கப் கடலை மாவு 100 கிராம். 2 கப் சர்க்கரை 400 கிராம். 2 கப் நெய் 436 கிராம். அதாவது எடையில் அது கிட்டத்தட்ட 1:4:4. நீங்கள் போட்டது வேண்டியதில் பாதிச் சர்க்கரை, பாதிக்கும் குறைவான நெய். மாவு எல்லாவற்றையும் குடித்துவிட்டு வறண்டு நின்றிருக்கும்.

மாவு லேசு, சர்க்கரை கனம். கனம் வேறான பொருள்கள் சேரும் இடத்தில் கப் விகிதத்தை அப்படியே கிராம் விகிதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றவேண்டும். ரவா கேசரியும் இப்படித்தான், ஆனால் அங்கே ரவையின் எடை சர்க்கரைக்குக் கிட்டே இருப்பதால் தப்பு அவ்வளவாக வெளியே தெரியாது. கடலை மாவில் மாட்டிக்கொள்வோம்.

அப்படியென்றால் இட்லிக்கு 4:1 என்பதும் கிராமில் மாறுமா?

மாறாது. அரிசியும் உளுந்தும் கப்புக்கு ஏறக்குறைய ஒரே எடை. 4 கப்புக்கு 1 கப் போட்டாலும், 800 கிராமுக்கு 200 கிராம் போட்டாலும் ஒன்றுதான். இட்லி சரியாக வரவில்லையென்றால் உளுந்தின் வயதையும் அரைத்த விதத்தையும் பாருங்கள், அளவை விட்டுவிடுங்கள்.

சாதத்துக்கு வைக்கும் தண்ணீரில் மட்டும் மாறும். ஒன்றுக்கு இரண்டு என்பது கப் கணக்கு. 200 கிராம் அரிசிக்கு 480 மில்லி தண்ணீர். அதை எடைக் கணக்காக எடுத்து 400 மில்லி வைத்தால் பிரியாணிக்கு ஆகும், ரசத்துக்கு ஆகாது.

ஸ்பூன் அளவு ஏன் எனக்குச் சரியாக வருவதில்லை? டீஸ்பூன், டேபிள்ஸ்பூன், கரண்டி எல்லாம் குழப்பம்.

டீஸ்பூன் 5 மில்லி. டேபிள்ஸ்பூன் 15 மில்லி, அதாவது மூன்று டீஸ்பூன். ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. வீட்டில் காபி கலக்குகிற ஸ்பூன், சாப்பாட்டு ஸ்பூன் எல்லாம் அழகுக்காகச் செய்தவை, 5 மில்லி என்று யாரும் அளந்து வார்க்கவில்லை. இருமல் மருந்தோடு வரும் சிறிய கப்பில் 5 மில்லி கோடு போட்டிருக்கும். நன்றாகக் கழுவிவிட்டு அதை வைத்து உங்கள் ஸ்பூனைச் சோதித்துக்கொள்ளுங்கள். கரண்டிக்கும் குழிக்கரண்டிக்கும் பொது அளவு என்று எதுவும் கிடையாது.

உப்பில் இன்னொரு வம்பு இருக்கிறது. தூள் உப்பு தலை தட்டிய டீஸ்பூனுக்கு 6 கிராம். கல் உப்பு இடைவெளி விட்டு உட்காருவதால் 4 அல்லது 5தான். எடை ஒன்றானால் உவர்ப்பும் ஒன்று, ஸ்பூன் ஒன்றானால் உவர்ப்பு ஒன்றில்லை. எங்கள் வீட்டில் மாவடுவுக்கு எட்டுக்கு ஒன்று என்று கல் உப்பு போடுவார்கள். அதே ஆழாக்கில் தூள் உப்பைப் போட்ட வருடம், மாவடுவைத் தொட்டாலே நாக்கு சுருண்டது. கல் உப்பை அளந்து சொன்ன பழைய குறிப்பு எதுவானாலும், தூள் உப்பு போடுகிறீர்களென்றால் கால் பங்கு குறைத்துத் தொடங்குங்கள்.

"எலுமிச்சை அளவு புளி", "ஒரு அச்சு வெல்லம்". இதையெல்லாம் எப்படி மாற்றுவது?

நான் எடை போட்டுப் பார்த்ததில் சாதாரண எலுமிச்சை அளவுப் புளி 25 முதல் 30 கிராம், நெல்லிக்காய் அளவு 10 முதல் 15. கொட்டையும் நாரும் எடுத்த புளி. புதுப்புளியும் பழம்புளியும் புளிப்பில் வேறு வேறு, அதனால் கிராமில் துல்லியம் பார்ப்பது வீண். கரைசலை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

வெல்லத்தைக் கப்பில் அளக்கவே அளக்காதீர்கள். பொடித்தது, துருவியது, இடித்தது, கட்டி, ஒவ்வொன்றும் ஒரு எடை. 150-இலிருந்து 200 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அச்சு வெல்லமும் ஊருக்கு ஒரு அளவு. வெல்லம் என்றால் தராசு, வேறு பேச்சு இல்லை.

மாமியாரின் நோட்டில் படி, ஆழாக்கு, பலம், வீசை என்று எழுதியிருக்கிறது. கிராமுக்கு மாற்ற முடியுமா?

இரண்டு சாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படி, உரி, உழக்கு, ஆழாக்கு கொள்ளளவு. பலம், சேர், வீசை, மணங்கு எடை. அந்தக் காலத்துப் பெண்கள் இதில் தெளிவாகவே இருந்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய்க்குப் படிக் கணக்கு. புளி, வெல்லம், மிளகாய்க்குப் பலம், வீசை. அள்ளினால் நிலையாக நிற்காத பொருளை அவர்கள் தராசில்தான் போட்டார்கள்.

எடை சுலபம். சென்னை மாகாணக் கணக்கில் பலம் 3 தோலா, அதாவது 35 கிராம். 8 பலம் ஒரு சேர், 280 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. கொள்ளளவில் உறவுமுறை தெளிவு: 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். ஆனால் படி எத்தனை மில்லி என்பது ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி, சின்னப்படி, பெரியபடி என்று பேரே அதற்கு சாட்சி. 1956-இல் சட்டம் வந்து 1962 ஏப்ரலுக்குள் மெட்ரிக் அளவு கட்டாயமானது, ஆனாலும் அடுக்களையில் இருந்த ஆழாக்கை யாரும் தூக்கிப் போடவில்லை. என்னிடமே இரண்டு இருக்கிறது. அம்மா கொடுத்தது 168 மில்லி, மாமியார் கொடுத்தது 205. கல்யாணமான புதிதில், அம்மாவின் குறிப்பை மாமியாரின் ஆழாக்கால் அளந்து வைத்த சாதம் வாரத்துக்கு மூன்று நாள் மிஞ்சியது. பிறந்த வீட்டில் அளக்கக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பேச்சு வாங்கினேன்.

ஆகவே நோட்டோடு அந்த வீட்டு ஆழாக்கையும் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்னபடி தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டால் நோட்டு முழுக்க மாறிவிடும். இலங்கைக் குறிப்புகளில் வரும் சுண்டும் கொள்ளளவுதான், அதற்கும் இதே வழி.

அதிரசத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை ஊற வைப்பதற்கு முன் ஒரு கிலோவா, பின் ஒரு கிலோவா? மாவா?

ஊற வைப்பதற்கு முன், காய்ந்த அரிசி ஒரு கிலோ. ஊறி வடிந்தால் அது 1.25, 1.3 கிலோ ஆகிவிடும். கூடினது தண்ணீர். அரைத்த ஈர மாவை எடை போட்டு வெல்லம் போட்டால் பாகு கூடி, எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து ஓடும்.

ஈர மாவைக் கப்பில் அளப்பது அதைவிட மோசம். அரவை மில்லிலிருந்து வந்ததும் பஞ்சு மாதிரி பொங்கி நிற்கும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இறுகியிருக்கும். காலையில் 8 கப் இருந்த மாவு மத்தியானம் 7 கப் ஆனதைப் பார்த்து யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்த வீடும் உண்டு. மாவு வேலைக்கு மூலப்பொருளை அளந்துகொள்ளுங்கள், அரைத்ததை அளக்காதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் கேக் குறிப்பு அனுப்பினாள். கப், ஸ்டிக், அவுன்ஸ் என்று இருக்கிறது.

ஸ்டிக் என்பது வெண்ணெய்: அரை கப், 113 கிராம். நம் ஊர் 100 கிராம் வெண்ணெய்க் கட்டியோடு இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்தால் சரியாகிவிடும். நம் வெண்ணெய் பெரும்பாலும் உப்பு போட்டது, அங்கே கேக்குக்கு உப்பில்லாதது, அதையும் கவனியுங்கள்.

அவுன்ஸில் இரண்டு உண்டு. திடப்பொருளுக்கு வருவது எடை அவுன்ஸ், 28 கிராம். பால், தண்ணீருக்கு வருவது திரவ அவுன்ஸ், 30 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. தேனில் ஒன்றில்லை, 8 திரவ அவுன்ஸ் தேன் 340 கிராம், 8 எடை அவுன்ஸ் தேன் 227 கிராம். மாவுக்கு அவர்கள் 1 கப் 120 என்றும் போடுவார்கள், 125 என்றும் போடுவார்கள். மகளிடம் "நீ எப்படி அள்ளுகிறாய்?" என்று கேளுங்கள். கடலை மாவுக்குச் சொன்னது மைதாவுக்கும் பொருந்தும்.

பத்துப் பேருக்கான குறிப்பை நூறு பேருக்குச் செய்தேன். பத்தால் பெருக்கியும் பதம் தப்பிவிட்டது.

கப்பில் பெருக்கியிருப்பீர்கள். ஒரு கப்பில் 15 கிராம் மாவு கூடினால் ஒன்றும் தெரியாது. முப்பது கப்பில் அது 450 கிராம். அதுவும் பத்தாவது கப்புக்கு மேல் கை ஓய்ந்து, வழிப்பதை விட்டுவிட்டு மொண்டு மொண்டு போடுவோம். எண்ணிக்கையும் தப்பும். ஐந்து பேருக்கு மேல் செய்தால் முதலில் கிராமாக மாற்றிவிட்டு, பிறகு பெருக்குங்கள்.

தராசு வாங்கிவிட்டேன். ஆனால் 2 கிராம் சோடா உப்பு போட்டால் பூஜ்ஜியமே காட்டுகிறது.

வீட்டுத் தராசுகள் பெரும்பாலும் ஒவ்வொரு கிராமாகத்தான் ஏறும். நடுவில் உள்ளதைக் காட்டாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில தராசுகள் அந்தச் சின்ன மாற்றத்தைக் கவனிக்காமல் பூஜ்ஜியத்திலேயே நின்றுவிடும். 2 கிராம் இடத்தில் ஒரு கிராம் பிசகு என்றால் பாதிக்குப் பாதி தப்பு.

இங்கே ஸ்பூன்தான் ஜெயிக்கும். சோடா உப்பு ஒரு டீஸ்பூன் 5 கிராம், பேக்கிங் பவுடர் 4 கிராம் சொச்சம், உலர்ந்த ஈஸ்ட் 3 கிராம், மஞ்சள்தூள் 3 கிராம். 2 கிராம் சோடா உப்பு வேண்டுமென்றால் அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். பத்து கிராமுக்குக் கீழே ஸ்பூன், மேலே தராசு என்பது என் வழக்கம். பெருங்காயத்துக்கு இரண்டும் வேண்டாம், விரல் நுனி போதும்.